லண்டன் ஆசாரம்

கடல் தாண்டிப் போகிறவன் ஆசாரத்தைத் தொலைத்துவிடுவான் என்று எங்கள் பாட்டனார் காலத்துப் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லி, போய்த் திரும்பியவர்களை ஜாதியை விட்டுத் தள்ளியும் வைத்தார்கள். அந்த மஹான்களில் ஒருவராவது 1952-ஆம் வருஷத்தில் வட லண்டனிலுள்ள ஃபின்ச்லியில், ஒரு விதவை அம்மாளின் வீட்டு மாடியில் குடியிருந்து பார்த்திருந்தால், ஆசாரம் கற்றுக்கொண்டு வருவதற்கென்றே பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பியிருப்பார் என்பது அடியேனுடைய தாழ்மையான அபிப்பிராயம். ஆல்ட்விச்சில் இந்தியா ஹவுஸில் எனக்கு உத்தியோகம். என் மனைவியும் இரண்டு குழந்தைகளும் அந்த வருஷம் அக்டோபரில், தேயிலைக்கு ரேஷனை எடுத்துவிட்டு, மாமிசம், வெண்ணெய், சீஸ் முதலியவற்றைச் சர்க்கார் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்த சமயத்தில், வந்து சேர்ந்தார்கள்.

வீட்டுக்கார அம்மாளிடத்தில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு விதி இருந்தது. திங்கட்கிழமை துணி தோய்ப்பது. செவ்வாய்க்கிழமை இஸ்திரி போடுவது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமிசத்தை வாட்டிச் சாப்பிடுவது. மறுநாள் அதன் மிச்சத்தை ஆறியபடியே சாப்பிடுவது, ஏனென்றால் அன்று துணி தோய்க்கிற நாளாகையால் சமையலுக்கு அவகாசம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையன்று தோட்டத்துக் கொடியில் ஒரு கைக்குட்டை தொங்கினாலும் அந்தத் தெருவில் அந்தக் குடும்பத்தின் மானம் போயிற்று. தினந்தோறும் ஸ்நானம் செய்து, முதல் நாள் தோய்த்து உலர்த்திய மடிப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் அடுப்பைப் பற்றவைப்பது என்று பிறந்தகத்திலிருந்தே பழகி வந்த என் மனைவி, வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையிலேயே ஒன்பது கஜத்தையும் அந்தக் கொடியில் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரையில் விரித்துவிட்டாள். வீட்டுக்கார அம்மாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜன்னல் திரைகளையெல்லாம் இழுத்து மூடிவிட்டு, துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்காகக் காத்திருப்பவள் மாதிரி உள்ளே உட்கார்ந்திருந்தாள். அன்று முதல் புடவை எங்கள் படுக்கை அறையில் நாற்காலிக்கு நாற்காலி தாவி உலர்ந்தது. அதுவும் நல்லதாய்ப் போயிற்று. டிசம்பர் 5-ஆம் தேதி முதல் 9-ஆம் தேதி வரையில் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து ஊரை அமுக்கியபோது, பஸ்ஸுக்கு முன்னால் கண்டக்டர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சாட்லர்ஸ் வெல்ஸ் நாடகசாலைக்குள் புகை புகுந்து சங்கீத நாடகம் பாதியில் நின்றது. ஆயிரக்கணக்கானவர்கள் அதில் மாண்டார்கள் என்று பிற்பாடு தெரிந்ததனால், அதைப்பற்றி வேடிக்கையாக எழுத மனம் வரவில்லை.

ஸ்நானத்துக்கு வருகிறேன். அந்த வீட்டில் தொட்டி ஸ்நானம் சனிக்கிழமைக்கு மட்டும் உரியது. மற்ற நாட்களில் முகமும் கையும் கழுவிக்கொள்ளலாம். சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானம் புருஷர்களுக்குச் சாஸ்திர சம்மதமானதே ஆகையால் எனக்கும் பையனுக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் பெண்டுகளுக்கு வெள்ளிக்கிழமை அல்லவா? இந்த வழக்கை நான் கீழே எடுத்துச் சென்று, சுகாதாரம், உஷ்ண தேகம், வைத்தியர்களின் அபிப்பிராயம் என்று நியாயங்களை அடுக்கினேன். அம்மாள் ஒன்றுக்கும் அசையவில்லை. கடைசியில் அலுத்துப் போய், “எங்கள் வீட்டில் எப்போதுமே அப்படித்தான்” என்றேன். “அதை முதலிலேயே சொல்லக்கூடாதா?” என்று உடனே வெள்ளிக்கிழமையை அனுமதித்துவிட்டாள். காரணம் உள்ள வழக்கத்தை அவள் மதிப்பதில்லை.

நாள் கிடைத்துவிட்டது, எண்ணெய்க்கு எங்கே போவது? ஆலிவ் எண்ணெய் என்பது அந்தக் காலத்து லண்டனில் மருந்துக் கடைச் சரக்கு. காதில் விடுவதற்கென்று கட்டைவிரல் பருமனுள்ள புட்டிகளில் அடைத்து விற்பார்கள். நான் ஒரு டஜன் புட்டி கேட்டதும் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “யாருக்குக் காதுவலி?” என்று அனுதாபத்துடன் விசாரித்தார். காதுவலி இல்லை, தலைக்கு என்றேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் நம்பவில்லை. வாரம் தவறாமல் நான் போய் நின்றதன் பலனாக, நாளடைவில் என்னைக் கண்டதும் குனிந்து, என் காதுக்கருகில் வாயைக் கொண்டுவந்து, கடை முழுவதும் அதிரும்படி, “இந்த வாரம் எப்படி இருக்கிறது?” என்று கத்த ஆரம்பித்தார். நானும் பதிலுக்கு, “குணம் தெரிகிறது!” என்று கத்திவிட்டு வருவேன்.

வெந்நீர் என்பது காஸ் மீட்டரின் கிருபை. துவாரத்தில் ஒரு ஷில்லிங்கைப் போட்டுக் கைப்பிடியைத் திருகினால் காஸ் வரும். அந்த ஷில்லிங்குக்கு உரிய ஆயுள் தீர்ந்ததும், தலையில் சீயக்காயோடு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறானே என்ற தாட்சண்யம் இல்லாமல் நின்றுவிடும். ஆனாலும் மீட்டர்மேல் என் மனைவிக்கு அலாதியான அபிமானம். அவ்வப்போது காஸ்காரர் வந்து, பெட்டியைத் திறந்து, நாணயங்களை எங்கள் மேஜைமேல் கொட்டி, பத்துப் பத்தாய் அடுக்கி எண்ணி, உள்ள கணக்குக்கு மேல் விழுந்ததை எங்கள் பக்கமாகத் தள்ளிவிட்டுப் போவார். அது நாம் போட்ட பணந்தானே என்று நான் சொன்னால், “நீங்க போட்டது போயிடுத்து, இது அவன் கொடுத்தது” என்று முந்தானையில் முடிந்துகொள்வாள்.

அவளுடைய உண்மையான மகோன்னதத்துக்குக் காரணமாயிருந்தது சீஸ். மாமிசம் உண்ணாதவர்கள் உணவு ஆபீஸில் பதிவு செய்துகொண்டு மாமிசக் கூப்பனை ஒப்படைத்துவிட்டால், அதற்கு ஈடாக மற்றவர்களைக் காட்டிலும் அதிகமாகச் சீஸ் கொடுக்கும்படி சட்டம் இருந்தது. நான்கு ரேஷன் புஸ்தகத்துச் சீஸ் வாராவாரம் வந்து சேர்ந்தது. அதன் வாசனை வந்த பக்கம் என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். தெருவிலுள்ள மற்ற ஸ்திரீகளோ அதன் ஒரு வில்லைக்காக ஏங்கினார்கள். அவர்களிடம் வெண்ணெய் ரேஷன் இருந்தது. நமக்கோ நெய் இல்லாமல் பருப்பு இறங்காது. இரண்டு பக்கத்துக்கும் இங்கிலீஷ் அதிகம் தேவைப்படாமலே ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. சட்டப்படி அது குற்றமா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காமலிருப்பது கிருஹஸ்தனுடைய கடமைகளில் ஒன்று. வெண்ணெய் உருகி முறுகும் வேளையில் வீட்டுக்கார அம்மாள், எதுவோ தீய்கிறது என்று ஓடிவருவாள். வந்தவள் ஒரு துண்டுச் சீஸோடு இறங்கிப் போவாள்.

1954 மே மாதத்தில் வெண்ணெய்க்கும் சீஸுக்கும் சேர்த்தே கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். ஊரெல்லாம் கொண்டாடியபோது என் மனைவி ஒருத்திதான், ஒழிப்புச் சட்டத்தில் நிலத்தைப் பறிகொடுத்த ஜமீன்தாரைப்போல, ஜன்னலண்டை உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூலை 4-ஆம் தேதி மாமிசமும் விடுதலை பெற்றது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கார அம்மாள், மூடி போட்ட பெரிய தட்டு ஒன்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, முகமெல்லாம் மலர, மாடியேறி வந்தாள்.

“அதிகச் சீஸுக்காக இத்தனை நாள் எப்படித்தான் தாக்குப்பிடித்தீர்களோ! கெட்டிக்காரர்கள்தான். இனிமேல் அந்தக் கஷ்டம் வேண்டியதில்லை” என்றாள்.

மூடியை அவள் தூக்குவதற்கு முன்னால் என் மனைவி அதன்மேல் கையை வைத்து, தனக்கு வந்த இங்கிலீஷில், எங்களுக்கு இன்னும் ரேஷன் எடுக்கவில்லை என்றாள்.

“எடுக்கவில்லையா? எத்தனை காலமாக?”

“பாட்டிக்குப் பாட்டி காலத்திலேர்ந்து.”

அம்மாள் தட்டுடன் சிறிது நேரம் திகைத்து நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, பதினான்கு வருஷத்தையே தங்களால் பொறுக்க முடியவில்லையென்றும், குடும்பத் தலைவனாகிய நான் இதற்குள் எங்கள் பார்லிமெண்டு மெம்பருக்கு ஒரு கடிதமாவது எழுதியிருக்க வேண்டாமா என்றும் கடிந்துகொண்டாள்.