டப்பா டப்பாவாகத் தெரிந்த காலம்

போனை மாற்றுவது என்றால் ஒரு காலத்தில் சிம்மை மாற்றுவதுதான். பின்பக்க மூடியை நகத்தால் நெம்பி, பேட்டரியைக் கழற்றி, சிம்மை உருவி அடுத்த போனில் செருகினால் வேலை முடிந்தது. சிம்முக்குள் 250 பெயர் வரை இருக்கும். அதற்குமேல் போனால் யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பெயரும் முழுதாக ஏறாது, பாதியில் வெட்டுப்படும். தமிழில் சேமித்தாலோ அந்த நீளமும் பாதியாகிவிடும். அதனால் அம்மா, அக்கா, பால்காரர், கேஸ் ஆபீஸ் எல்லோருமே எங்கள் போன்களில் ஆங்கில எழுத்தில்தான் குடியிருந்தார்கள்.

இந்த வருடம் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறினேன். இரண்டு போனையும் அருகருகே வைத்து, பழையதில் 'மூவ் டு ஐஓஎஸ்' செயலியைத் திறந்து, புதியதில் தெரிந்த எண்ணை அதில் அடித்தேன். பெயர்கள், படங்கள், குறுஞ்செய்திகள் எல்லாம் தாமாகவே நகர்ந்துபோயின. வாட்ஸ்அப் உரையாடல்களும் கூடவே போயின. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு வாட்ஸ்அப்பைக் கொண்டுபோகும் வழி 2022-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் மாறியவர்கள் பழைய பேச்சையெல்லாம் பழைய போனிலேயே விட்டுவிட்டுத்தான் போனார்கள். புதிய போனைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது என் தமிழை. சித்திரைத் திருவிழாப் படங்களுக்குக் கீழே நான் எழுதிவைத்த குறிப்புகள் ஒரு கொம்பு, ஒரு கால் பிசகாமல் அப்படியே இருந்தன. தமிழ் டப்பா டப்பாவாகத் தெரிந்த காலத்தில் போன் வாங்கியவர்களுக்குத்தான் அந்த நிம்மதி தெரியும்.

இப்போதைய பிள்ளைகளுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில பட்டன் போன்களில் தமிழில் அடிக்க முடியும். ஒரே பட்டனை மூன்று நான்கு முறை அழுத்தினால் ஓர் எழுத்து வரும். அனுப்பியது போய்ச்சேரும் போனிலும் தமிழ் இருந்தால்தான் அது எழுத்து. இல்லையென்றால் வரிசையாகக் கட்டங்கள். "ஏதோ டப்பா டப்பாவா வந்திருக்கு, என்னன்னு போன் பண்ணிச் சொல்லு" என்று மறுமுனையிலிருந்து மிஸ்டு கால் வரும்.

செலவும் உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழில் 70 தான். அந்த 70-ஐயும் நம் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தாக எண்ண மாட்டார்கள். புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி. 'வணக்கம்' நமக்கு ஐந்தெழுத்து, போனுக்கு ஏழு. 'அனைவருக்கும் இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்' என்று நான்கே சொல் எழுதினால் 40 போய்விடும். மீதி 30-க்குள் உங்கள் பெயர், வீட்டார் பெயர், ஊர். அதையும் தாண்டினால் இரண்டு மெசேஜ் கணக்கு. பொங்கல், தீபாவளி நாட்களில் மெசேஜ் கார்டு வேறு செல்லாது, ஒவ்வொன்றுக்கும் முழுக் காசு. வருடத்தில் எந்த நாளில் தமிழில் வாழ்த்த மனம் வருமோ, அந்த நாளில்தான் அதன் விலை அதிகம். அப்படியும் அனுப்பினோம். மெனக்கெட்டுத் தமிழில் அடித்திருக்கிறான் என்று வாங்கியவருக்குத் தெரியும்.

அப்புறம் என் கைக்கு ஒரு சிம்பியன் போன் வந்தது. இணையம் இருந்தது, தமிழ் எழுத்துரு இல்லை. தமிழ்ப் பத்திரிகையின் தளத்தைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை கட்டங்கள்தான். அதற்கு ஒரு வழியை நண்பர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். ஓபரா மினியில் முகவரி அடிக்கும் இடத்தில் 'ஓபரா:கான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். ஒரு பட்டியல் திறக்கும். அதன் அடியில், சிக்கலான எழுத்துகளுக்குப் பட எழுத்துருவைப் பயன்படுத்தலாமா என்று ஒரு வரி இருக்கும். அதற்கு 'யெஸ்' கொடுத்துச் சேமித்தால் அடுத்த நிமிடம் தமிழ் தெரியும். போனுக்குத் தமிழ் தெரியாதுதான். ஓபரா நிறுவனத்தின் சர்வர் அந்தத் தமிழைப் படமாக வரைந்து அனுப்பியது. நகலெடுக்க முடியாது, பெரிதாக்கினால் எழுத்து சிதறும், பக்கம் மெதுவாகத்தான் இறங்கும். ஆனாலும் பஸ்ஸில் போகும்போது கையளவு திரையில் ஒரு தலையங்கத்தைத் தமிழில் படித்து முடித்த சந்தோஷம் பெரிது. எத்தனை பேர் போனில் அந்த 'யெஸ்'ஸை நான் போட்டுக்கொடுத்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

ஆண்ட்ராய்டின் ஆரம்பப் பதிப்புகளில் சிக்கல் வேறு மாதிரி. சிலர் போனை 'ரூட்' செய்து எழுத்துருவை உள்ளே ஏற்றிப் பார்த்தார்கள். எழுத்து வந்தது, இடம் மாறி வந்தது. யூனிகோடு முறையில் 'லை' என்பதில் முதலில் லகரம் இருக்கும், ஐகாரக் கொம்பு அடுத்து. திரையில் வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டியது மென்பொருளின் வேலை. அந்த வேலை அப்போது நடக்கவில்லை. மலை, இலை, வேலை எதிலும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தொங்கும். 'கொ'வில் கொம்பும் காலும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்ளும். படிக்கலாம், கண் வலிக்கும். 4.0 பதிப்புக்குப் பிறகு இது மாறத் தொடங்கியது.

இந்த மாற்றம் தானாக வந்துவிடவில்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித்தான் தமிழ்99 விசைப்பலகை உருவானது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005 பொங்கல் அன்று சிங்கப்பூரில் செல்லினம் என்ற தமிழ்ச் செயலியை வெளியிட்டார். கையில் பொத்தான் போன் இருந்தபோதே அதில் தமிழில் அனுப்ப முடிந்தது. பிறகு அது ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. 2013-இல் ஐபோன் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பிலேயே தமிழ்99, அஞ்சல் என்று இரண்டு விசைப்பலகைகளும் உள்ளே சேர்ந்துவிட்டன. எந்தக் கம்பெனி போனை வாங்கினாலும் தமிழ் இருக்கும் என்று இன்று நாம் யோசிக்காமல் நம்புகிறோமே, அதன் பின்னால் பலருடைய இருபது முப்பது வருட உழைப்பு இருக்கிறது. இவர்களுக்கு நாம் சொன்ன நன்றி போதாது.

இடையில் எங்கள் பெரியப்பா ஒரு விண்டோஸ் போன் வைத்திருந்தார். பெரிய பெரிய சதுரங்கள், கண்ணாடி போடாமலே பார்க்கலாம் என்பார். 2019 டிசம்பரோடு விண்டோஸ் போன்களில் வாட்ஸ்அப் நின்றது. போனில் ஒரு கீறல்கூடக் கிடையாது. பேரன் பேத்தி படம் வராத போன் எதற்கு என்று அவரே அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்.

ஸ்ரீபெரும்புதூரையும் இங்கே சொல்ல வேண்டும். அங்கே 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எத்தனையோ பேரின் முதல் சம்பளம் அந்த ஆலையில் வாங்கியது. இன்று அதே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஐபோன் தயாராகிறது. கையில் இருக்கும் போனை நம் பிள்ளைகள் பூட்டியிருக்கலாம், அதற்குள் தமிழும் இருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

அந்தப் பெருமையோடு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் மனசு கனத்துப்போகிறது. தமிழுக்கு வழியில்லாத நாளில் காசு கொடுத்துத் தமிழில் வாழ்த்து அனுப்பிய அதே ஆட்கள்தான் அதில் இருக்கிறார்கள். இப்போது எல்லோர் போனிலும் தமிழ் இருக்கிறது, ஒரு காசு செலவில்லை, எழுத்துக் கணக்கும் இல்லை. ஆனால் 'சாப்டியா', 'கெளம்பிட்டோம்', 'தம்பிக்குக் காய்ச்சல்' எல்லாம் ஆங்கில எழுத்தில் வந்து விழுகின்றன. விடுதியிலிருந்து இன்லேண்ட் லெட்டரில் முத்து முத்தாகத் தமிழ் எழுதிய என் அக்காவும் அப்படித்தான் எழுதுகிறாள்.

எங்கள் அத்தை ஐந்தாம் வகுப்பு படித்தவர். தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம் வரை விடாமல் படிப்பார். இரங்கல் செய்தியை எங்களுக்கு வாசித்தும் காட்டுவார். பேரன் வாங்கிக்கொடுத்த போனில் அவரும் அந்தக் குழுவில் இருக்கிறார். "எல்லாரும் இங்கிலீசுல பேசிக்கிறீங்க, எனக்கு என்ன தெரியும்" என்று ஒருநாள் சொன்னார். இல்லை அத்தை, அது தமிழ்தான் என்று நான் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அவருடைய தம்பி வீட்டு விசேஷத்தைப் பற்றி, அவருக்குப் புரியும் மொழியிலேயே, அவர் கண்ணெதிரே இரண்டு நாளாகப் பேச்சு நடந்திருக்கிறது. நாங்கள் அன்று பார்த்த கட்டங்களைத்தான் அவர் இன்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்று கருவியில் எழுத்து இல்லை. இன்று எழுத்து இருந்தும் நாம் தொடுவதில்லை. இதைச் சும்மா விட எனக்கு மனசில்லை.

அக்கா மகனிடம் கேட்டேன். "தமிழ்ல அடிச்சா லேட் ஆகும் மாமா" என்றான். வா மாப்ள, எண்ணிப் பார்ப்போம் என்று பக்கத்தில் உட்காரவைத்தேன். 'வந்துட்டேன்' என்பதை அவன் வழக்கமாக அடிக்கும்படி அடித்தால் ஆங்கிலத்தில் பத்து எழுத்து. தமிழ்99-இல் வ, ந, த, உ, ட, ட, ஏ, ன, கடைசியில் புள்ளி. ஒன்பது. நகரத்துக்கு அடுத்துத் தகரத்தைத் தட்டியதும் 'ந்' தானே புள்ளி வைத்துக்கொண்டது. டகரத்தை இரண்டு முறை தட்டியதும் முதல் டகரத்துக்கும் புள்ளி வந்தது. "இது நல்லா இருக்கே, அதுவே போட்டுக்குது" என்று இன்னும் இரண்டு மூன்று சொற்களை அவனே அடித்துப் பார்த்தான். பிறகு, "ஆனா ஃப்ரெண்ட்ஸ் யாரும் இப்படி அடிக்க மாட்டாங்க மாமா, வேணும்னா வாய்ஸ்ல சொல்லிடுறேன், அதுவே டைப் பண்ணிக்கும்" என்றான். கூகுளின் குரல் தட்டச்சு 2017-லிருந்தே தமிழில் இருக்கிறது. விரலால் வந்தாலும் சரி, குரலால் வந்தாலும் சரி, அத்தை படிக்கிற எழுத்தில் வந்தால் போதும் என்றேன். அது நியாயம் என்று ஒப்புக்கொண்டான்.

இப்போது வீட்டில் யார் போன் மாற்றினாலும் முதல் வேலையாக செட்டிங்ஸைத் திறந்து தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துவிட்டுத்தான் கையில் கொடுக்கிறேன். எங்கள் ஊர் டவுன்ஹால் ரோட்டில் வழக்கமாகப் போகும் போன் கடைப் பையனிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். போனுக்குக் கண்ணாடி ஒட்டித் தருகிறாயே, அந்த நேரத்தில் தமிழையும் சேர்த்துக் கொடு தம்பி, அரை நிமிடம்கூட ஆகாது. அக்கா போனில் சேர்த்தாயிற்று. மச்சான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.