பூட்டிய வீட்டிலிருந்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
பூட்டிய வீட்டின் உரிமையாளர்,
பழைய பல்லாவரம்.

பெறுநர்:
உயர்திரு காவல் ஆணையர் அவர்கள்,
தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம்.

பொருள்: வெளியூரில் லாட்ஜில் தங்கும் நாட்களில் வீட்டை யார் பார்த்துக்கொள்வது - தெளிவுரை வேண்டுதல் - தொடர்பாக.

பார்வை: பொங்கல், கோடை விடுமுறை, தீபாவளிதோறும் காவல்துறை வெளியிடும் அறிவுரைகள்.

ஐயா,

2022 ஜனவரி 1 அன்று தாம்பரத்துக்கென்று தனி ஆணையரகம் பிறந்தபோது அதன் அலுவலகம் சோழிங்கநல்லூரில் அமைந்தது. பெயர் ஒரு ஊரில், இருப்பு இன்னொரு ஊரில் என்றால் என்ன பாடு என்று உங்கள் அலுவலகத்துக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். என் கதையும் அதேதான். வீடு பல்லாவரத்தில், முகூர்த்த நாளில் நான் கும்பகோணத்தில்.

பார்வையில் கண்ட அறிவுரைகளைக் குடும்பத்தோடு உட்கார்ந்து படித்தோம். ஊருக்குப் போவதைக் காவல் நிலையத்தில் மட்டும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வேறு யாருக்கும் தெரியக்கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போடக்கூடாது. சாவியைச் செருப்பு ஸ்டாண்டிலோ மீட்டர் பெட்டியிலோ பூந்தொட்டிக்கு அடியிலோ வைக்கக்கூடாது. பேப்பரையும் பாலையும் நிறுத்திவிட வேண்டும். எல்லாம் நியாயமான பேச்சு. ஆனால் பேப்பரை நிறுத்தப் பேப்பர் போடும் தம்பியிடம் சொல்ல வேண்டும். பாலுக்குப் பால்காரரிடம், தண்ணீர் கேனுக்குக் கேன்காரரிடம். வாசல் தெளிக்கும் அம்மாவிடம் சாவகாசமாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். இஸ்திரி வண்டியில் கிடந்த பட்டுச் சட்டையை வாங்கப் போனால், "எப்ப சார் திரும்புறீங்க? எல்லாருமேவா போறீங்க?" என்று அவர் அக்கறையோடு விசாரிக்கிறார். ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று செய்த ஏற்பாட்டில் தெருவுக்கே தெரிந்துபோயிற்று. ஸ்டேட்டஸ் போட்டிருந்தால் இவ்வளவு பேர் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதையும் மீறித் தெரியாமலிருந்த ஒன்றிரண்டு பேருக்குக் கேட் சொல்லிவிடும். டியூஷன் சென்டர், கரப்பான் பூச்சி மருந்து, பல் ஆஸ்பத்திரி என்று நோட்டீஸ் சொருகுகிற பையன்கள் எங்கள் கேட்டைத்தான் குறிவைத்திருக்கிறார்கள். ஆள் இருக்கும் வீட்டில் காலையில் உருவி எறிவோம். ஆள் இல்லாத வீட்டில் அது கொத்தாகத் தொங்கும். பாலை நிறுத்தலாம், பேப்பரை நிறுத்தலாம். கரப்பான் பூச்சி மருந்தை நிறுத்த எந்தக் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும் என்று அறிவுரையில் இல்லை.

சொந்தப் பாதுகாப்பைச் சொந்தக் கையாலேயே செய்துகொள்வது எங்கள் ஊருக்குப் புதிதல்ல என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துச் சரளைக் குழி ஒன்றில் கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சாட்சி அதுதான். வயரிங் வேண்டாம், வைஃபை வேண்டாம், மாதச் சந்தா வேண்டாம். அந்தப் பல்லாவரத்துக்காரர் அதை வைத்துவிட்டு எந்த ஊருக்குப் போனாரோ தெரியாது. பூட்டிய இடம் என்று யாரிடமும் சொல்லாமல் போயிருக்கிறார். வந்த அதிகாரி எடுத்துப் போனார். ஃபூட் சேர்த்த கற்கருவிகள் இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. இதுவரை புகார் ஏதும் பதிவாகவில்லை.

கற்கோடரி கைவிட்டுப் போனதால் நான் கேமரா வாங்கினேன். 2017 முதல் சென்னைப் போலீசார் கேமரா வையுங்கள், அதுதான் 'மூன்றாவது கண்' என்று தெருத்தெருவாகச் சொன்னார்கள். அன்றைக்குப் பல்லாவரமும் சென்னைப் போலீஸின் எல்லைதான், எங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னார்கள். சொன்னதை மக்கள் கேட்டார்கள். 2021-ல் உலக நகரங்களைக் கணக்கெடுத்தபோது சதுர மைலுக்கு 600-க்கும் மேற்பட்ட கேமராக்களோடு சென்னை மூன்றாம் இடத்தில் நின்றது. டெல்லியும் லண்டனும்தான் முன்னால். அதில் எத்தனை எங்கள் காசு என்று கேட்க மாட்டேன். கேமரா எங்களுடையது, கரண்ட் எங்களுடையது, குற்றம் நடந்த பிறகு பென் டிரைவ் வாங்கிவந்து பதிவை ஏற்றிக் கொடுப்பதும் நாங்கள்தான்.

ஆள் வைத்து மாட்டினால் டிவிஆர், வயர், கூலி என்று இழுக்கும், நாமே மாட்டிக்கொள்ளும் சாமான் போதும் என்றார் மைத்துனர். ரிச்சி தெருவில் கடைக்காரர் பல்ப் கேமரா ஒன்றை எடுத்து நீட்டினார். ஹோல்டரில் பல்ப் மாட்டுகிற மாதிரியே மாட்டிவிட்டால் முடிந்தது. வெற்றிகரமாகத் திண்ணையில் மாட்டிவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி கேட்டாள்: "திண்ணை லைட்டுக்கு ஸ்விட்ச் வெளியிலதானே இருக்கு?"

வெளியில்தான் இருக்கிறது. வருகிறவர் வெளிச்சம் பிடிக்காமல் விளக்கை அணைத்தால் கேமராவும் சேர்ந்து அணையும். பதிவெல்லாம் இருக்கும் மெமரி கார்டு கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டால் களவோடு சாட்சியும் போய்விடும். கரண்ட் போனால் மோடம் அணையும். மோடம் அணைந்தால் நான் கும்பகோணத்தில் குருடன். அதற்கு மோடத்துக்கென்று தனியாக ஒரு சின்ன யுபிஎஸ். பதிவைக் கம்பெனிக்காரரிடமே பத்திரப்படுத்த மாதச் சந்தா. இப்படியே போனால் வீட்டில் திருட்டுப் போகக்கூடிய ஒரே விலையுயர்ந்த பொருள் இந்தக் கேமராவாகத்தான் இருக்கும்.

அடுத்தது பாஸ்வேர்ட். கம்பெனி கொடுத்த 'அட்மின்' என்பதையே வைத்துக்கொள்ள இருந்தேன். கல்லூரியில் படிக்கும் மகள் தலையிலடித்துக்கொண்டாள். 2016-ல் மிராய் என்ற நிரல், கம்பெனிகள் வைத்துக் கொடுத்த சுமார் 60 பாஸ்வேர்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களிலும் மோடங்களிலும் புகுந்தது. அந்த அக்டோபரில் அவற்றை ஒரே நேரத்தில் ஏவிவிட்டதில் அமெரிக்காவின் பாதி இணையம் தடுமாறியது. அதை எழுதியவர்கள் சின்னப் பையன்கள், ஒருவர் கல்லூரி மாணவர். வீட்டுக்குக் காவல் வைத்த கண் ராத்திரி அமெரிக்காவில் அடியாள் வேலை பார்த்துக்கொண்டிருந்தது வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. மத்திய அரசும் விழித்துக்கொண்டு 2024-ல் கேமராக்களுக்குப் பாதுகாப்பு விதிகளை அறிவித்து, பரிசோதனைச் சான்று கட்டாயம் என்றது. பழைய பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு அந்த அறிவிக்கை வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. அங்கே சாவி இல்லாத பூட்டு, பூட்டு இல்லாத சாவி, லென்ஸ் மட்டும் இருக்கும் கேமரா எல்லாம் சாக்கு விரித்துக் கிடக்கின்றன. உண்மையைச் சொன்னால் அந்த லென்ஸ் கேமராதான் எனக்குப் பிடித்திருந்தது. அதை யாரும் ஹேக் செய்ய முடியாது.

என் மாமியார் திண்டுக்கல்காரர். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு எங்கள் ஊர்ப் பூட்டு, சாவியைத் திருப்பினால் மணியடிக்கும் பூட்டே உண்டு, அதை விட்டுவிட்டு பல்பை நம்புகிறார்களே என்று அவருக்கு ஆற்றாமை. அதையும் மாட்டினோம். பெரிய அளவு ஆம்பிளைச் செருப்பு ஒரு ஜோடியை வாசலில் விட்டோம். 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை ஏற்கெனவே இருக்கிறது, நாய்தான் இல்லை.

இத்தனை ரகசியத்தோடு கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிக் கும்பகோணம் போய் இறங்கினால், லாட்ஜ் மேசையில் பெரிய நோட்டு ஒன்று விரித்தபடி கிடக்கிறது.

பெயர். தகப்பனார் பெயர். நிரந்தர முகவரி. எங்கிருந்து வருகிறீர்கள். எத்தனை பேர். எத்தனை நாள் தங்குவீர்கள். செல்பேசி எண். எனக்கு மேலே நேற்று வந்தவர், முந்தாநாள் வந்தவர் எல்லாருடைய ஜாதகமும் வரிசையாக இருக்கிறது. நான் படித்தேன், எனக்கு அடுத்து வந்தவர் என்னுடையதைப் படித்தார். தங்குபவர் விவரத்தைச் சத்திரக்காரர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் ஏற்பாட்டை 1867-ம் ஆண்டு சராய் சட்டத்திலேயே வெள்ளைக்காரன் எழுதி வைத்தான். கோடரியைக் கண்டெடுத்து நாலே வருடம்! கள்ளன் லாட்ஜில் ஒளியக்கூடாது என்பதற்காக வந்த நோட்டு. நல்ல நோக்கம்தான். ஆனால் 'பழைய பல்லாவரத்தில் இன்ன தெருவில் இன்ன எண் வீடு ஞாயிற்றுக்கிழமை வரை காலி' என்பதை என் கையெழுத்திலேயே, தேதி போட்டு, வேறெங்கும் நான் எழுதிக் கொடுத்ததில்லை. மேசைத் தம்பி நல்ல பையன். காது மந்தமான முதலாளிக்காகக் கூடம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தான்: "பல்லாவரம் சார், நாலு பேரு, ஃபேமிலி மொத்தமும் வந்திருக்காங்க!"

அடுத்து ஆதார். லாட்ஜில் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர். அசல் அட்டை எதிர்க்கடைக்குப் போய், வழியில் டீக்கடையில் நின்று, இளைப்பாறித் திரும்பி வந்தது. இந்த இடத்தில் ஒரு வரலாறு சொல்ல வேண்டும். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், கண்ட இடத்தில் ஆதார் நகல் கொடுக்காதீர்கள், உரிமம் இல்லாத ஹோட்டல்களும் திரையரங்குகளும் நகல் வாங்கி வைக்க அனுமதி இல்லை என்று எச்சரித்தது. மக்கள் அதைப் படித்து முடிப்பதற்குள், 29-ம் தேதி, தப்பாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. வழக்கமான முன்னெச்சரிக்கையோடு நடந்துகொண்டால் போதுமாம். எங்கள் வழக்கமான முன்னெச்சரிக்கை, நகலின் குறுக்கே 'லாட்ஜுக்கு மட்டும்' என்று பேனாவால் எழுதுவது. அதற்கும் தம்பி, "எழுதினா ஆடிட்ல எடுக்க மாட்டாங்க சார்" என்றான். எந்த ஆடிட் என்று கேட்கவில்லை. பின்னால் கியூ நின்றது.

வாடகையைப் பற்றிப் பேசி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். ஆயிரத்துக்குக் கீழே இருந்த அறைக்கு வரியே இல்லாத காலம் 2022 ஜூலையோடு போயிற்று என்பதும், துண்டு ஒன்றுதான் என்பதும் உங்கள் அதிகார வரம்புக்குள் வராது.

அறைக்குள் போனதும் தாழ்ப்பாளைப் பார்த்தேன். அது கதவில் இருந்தது, அது நுழைய வேண்டிய ஓட்டை நிலையில் இல்லை. நாற்காலியை முட்டுக் கொடுத்தேன். பிறகு மேலே புகை எச்சரிக்கைக் குமிழி, பிளக் பாயின்ட், கண்ணாடிப் பின்புறம் என்று ஒவ்வொன்றாகத் தடவி, எங்காவது கேமரா இருந்துவிடக் கூடாதே என்று மகமாயியை வேண்டிக்கொண்டேன். முடித்துவிட்டுப் படுக்கையில் உட்கார்ந்து, வீட்டில் கேமரா இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு போனைத் திறந்தேன். ஒரே இரவில் ஒரே அம்மனிடம் இரண்டு மனு.

நடுராத்திரிக்கு மேல் போன் அலறியது. நடமாட்டம்! திரை முழுக்க வெள்ளையாக, நகங்களோடு, மூச்சு வாங்கும் ஒரு வயிறு. இரவில் கேமரா விளக்குக்குப் பூச்சி வரும். பூச்சிக்குப் பல்லி வரும். பல்லி லென்ஸ்மேலேயே படுத்துக்கொள்ளும். தலையில் விழுந்தால் இன்ன பலன், தோளில் விழுந்தால் இன்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் உண்டு. லென்ஸில் விழுந்தால் என்ன பலன் என்று இல்லை. பலன் எனக்குத் தெரியும்: தூக்கம் போகும். அதற்குப் பிறகு, சத்தம் கேட்டாலும் எழுப்பும் வசதியை நான் ஆர்வத்தில் போட்டு வைத்திருந்ததால், மீனம்பாக்கத்தில் இறங்கிய ஒவ்வொரு விமானத்தையும் கும்பகோணத்தில் நான் எழுந்து உட்கார்ந்து வரவேற்றேன். முகூர்த்தத்தில் எடுத்த போட்டோவில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவன் நான்தான்.

ஆகவே ஐயா, நான் கேட்பது பெரிதல்ல. வீட்டில் ஆள் இல்லை என்று யாரிடமும் சொல்லாதே என்பதும், அதை லாட்ஜ் நோட்டில் விலாசத்தோடு எழுது என்பதும் அரசாங்கத்தின் இரு வாய்களிலிருந்து வருகின்றன. இரு வாய்களும் ஒருமுறை டீ குடித்துக்கொண்டே பேசிக்கொண்டால் நன்றாக இருக்கும். அதுவரை லாட்ஜ் நோட்டில் 'வீட்டில் இருப்பவர்கள்' என்று கூடுதலாக ஒரு கட்டம் போட உத்தரவிடலாம். அதில் நான் 'மைத்துனர்கள் இருவர், ராஜபாளையம் நாய் ஒன்று' என்று எழுதுவேன். பொய்த்தகவல் என்று என்மேல் வழக்குப் போடக்கூடாது.

கேமராவின் அலறல் எனக்கு வருவதால் ஒரு பயனும் இல்லை என்பதையும் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். இருநூறு சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, கைலியோடு, நாற்காலி முட்டுக் கொடுத்த கதவுக்குப் பின்னால் இருக்கும் நான் என்ன செய்வேன்? பக்கத்து வீட்டு அக்காவை எழுப்புவேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பல்லிதாண்டா, தூங்கு" என்பார். அந்த அலறல் நேராகக் காவல் நிலையத்துக்கே போகும்படி செய்யலாமே என்று முதலில் எழுதினேன். பிறகு தாம்பரம் மாநகராட்சியின் 70 வார்டுகளிலும் உள்ள பல்லிகளை நினைத்துப் பார்த்து, அந்த வரியை நானே அடித்துவிட்டேன். அக்காவுக்கு ஒரு நல்ல டார்ச் லைட்டாவது இலாகா செலவில் வழங்கினால் உதவியாக இருக்கும். அவருடையதில் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த முகூர்த்தம் ஆவணியில்.

இப்படிக்கு,
பூட்டிய வீட்டின் உரிமையாளர்
(பெயரும் விலாசமும் லாட்ஜ் நோட்டில் காண்க)

இணைப்பு: பல்லியின் வீடியோ அடங்கிய மெமரி கார்டு. பார்த்துவிட்டுத் திருப்பித் தரவும். வேறு கார்டு இல்லாததால் தற்போது கேமரா சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறது.