லொறிப் பின்னியல்: ஏ9 வீதியில் இடைவெளி, இங்கிதம், எரிச்சல் பற்றிய ஓர் ஆய்வு

ஆய்வுக் களம்

லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாத சாரதி இலங்கையில் இல்லை. ஆனாலும் அதற்கென்று ஒரு சாஸ்திரம் இன்னும் எழுதப்படவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க மாத்தளை மாவட்டத்தை விடத் தோதான இடம் கிடைப்பது அரிது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி மாவட்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காக ஊடறுத்துச் செல்கிறது. அம்பேபுஸ்ஸவில் தொடங்கி, குருநாகல், கலேவெல வழியாகத் திருகோணமலைக்குப் போகும் ஏ6 வீதி தம்புள்ளையில் அதைச் சந்திக்கிறது. இரண்டும் பெரும்பாலான இடங்களில் போக ஒன்று, வர ஒன்று என்ற அகலம்தான். மத்திய அதிவேக வீதி 2022 ஜனவரியில் மீரிகமவிலிருந்து குருநாகல் வரை வந்து சேர்ந்தது. தம்புள்ளைப் பக்கம் அது இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

இதே தம்புள்ளையில்தான் 1999இல் திறக்கப்பட்ட விசேட பொருளாதார மத்திய நிலையமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயமும் நுவரெலியா லீக்ஸும் முகம் பார்த்துக்கொள்ளும் மொத்தச் சந்தை அது. மலையில் பிடுங்கிய கரட் இங்கே வந்து விலை பேசப்பட்டு, மறுபடியும் மலைநாட்டுக் கடைகளுக்கே ஏறிப் போவதும் உண்டு. அந்தக் கரட்டின் போக்கும் வரவும் மாத்தளை நகரத்தின் ஊடாகவே நடப்பதால், ஆய்வுக்கு வேண்டிய லொறிகள் இரவு பகலாகக் கிடைக்கின்றன.

களத்தின் இயல்பை அறிய நிலையத்தின் வாயிலில் சற்று நேரம் நின்றால் போதும். படங்கு இழுத்துக் கட்டிய லொறி ஒன்று பின்பக்கமாக வீதிக்கு வரப் பார்க்கிறது. சாரத்தை மடித்துக் கட்டிய கிளீனர் ஏ9 வீதியின் நடுவே போய் நின்று ஒரு கையை உயர்த்துகிறார். மறு கை லொறிப் பலகையைப் படபடவென்று தட்டுகிறது: வரலாம், வரலாம் என்று பொருள். ‘டொப்’ என்று ஒரே அடி விழுந்தால் நிற்க வேண்டும். பஸ், வான், சுற்றுலாக் கார் அத்தனையும் அந்த ஒற்றைக் கைக்குக் கட்டுப்பட்டு நிற்கின்றன. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தை முழுவதுமாகப் படித்தவர்கூட அந்தக் கையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவதில்லை.

திணைப் பகுப்பு

நிலத்துக்கு ஓர் உரிப்பொருள் வகுத்தது தொல்காப்பியம். மாத்தளை மாவட்ட வீதிகள் அந்த இலக்கணத்தை இன்றும் மீறவில்லை.

குறிஞ்சி: பலகடுவ வளைவுகள். உரிப்பொருள் புணர்தல். முன்னே போகும் லொறியின் பின்பம்பரும் பின்னே வரும் காரின் முன்பம்பரும் ஒன்றையொன்று நாடும் நிலம் இது. நீண்ட வண்டி வளைவில் திரும்பும்போது அதன் பின்சில்லுகள் முன்சில்லுகளின் தடத்தில் வராமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஆகவே இடப்பக்கம் திரும்ப வேண்டிய லொறி முதலில் வலப்பக்கம் ஒதுங்கிப் பிறகு மடங்குகிறது. ஒதுங்கிய அந்த நொடியில், பின்னால் இருப்பவர் தமக்குத்தான் வழி விடுகிறார்கள் என்று நினைத்து இடப்பக்கமாகத் தலையை நுழைப்பார். காதல் கைகூடிவிடும். சாட்சிக்குப் பொலிஸ் வரும்.

முல்லை: மாத்தளை நகரைத் தாண்டி நாலந்தாப் பக்கம் போகும் வழி. உரிப்பொருள் இருத்தல். இருமருங்கும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். லொறிக்குப் பின்னால் பொறுமையாக இருந்தவருக்கு, முன்னால் போகும் சுற்றுலா வான் முன்னறிவிப்பின்றி ஏலக்காய்த் தோட்டத்துக்குள் திரும்புவதால் இன்னும் சற்று இருக்க வேண்டி வருகிறது.

மருதம்: வெங்காயம் விளையும் தம்புள்ளை. உரிப்பொருள் ஊடல். இங்கே ஊடலை ஹோர்ன் வழியே தெரிவிப்பது மரபு.

பாலை: இனாமலுவவுக்கு அப்பால் நேராகிவிடும் உலர்வலய வீதி. உரிப்பொருள் பிரிதல். காரும் லொறியும் இங்கே ஒருவழியாகப் பிரிகின்றன. இருவர் கண்ணிலும் நீர் இல்லை.

நெய்தல்: மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. தீவின் நடுப்புள்ளியே நாலந்தாவுக்குப் பக்கத்தில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. ஆயினும் திணை குறைவுபடவில்லை. திருகோணமலையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட மீன் லொறி வருகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டு அதன் பின்னால் ஊர்பவரின் நிலைமையைச் சொல்ல இரங்கல் தவிர வேறு உரிப்பொருள் பொருந்தாது.

முன்னோர் ஆய்வுகள்

எரிச்சல் பற்றிய மூல நூலாகக் கொள்ளத் தக்கது, அன்டனி டூப், ஏலன் குரோஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1968இல் வெளியிட்ட ஆய்வு. கலிபோர்னியாவில் பச்சை விளக்கு விழுந்த பிறகும் ஒரு காரை அசையாமல் நிறுத்தி வைத்து, பின்னால் இருப்பவர் 12 விநாடிக்குள் ஹோர்ன் அடிக்கிறாரா என்று பார்த்தார்கள். பழைய கார் நின்றபோது 84 சதவீதம் பேர் அடித்தார்கள். பளபளக்கும் புதிய கிரைஸ்லர் நின்றபோது அடித்தவர்கள் 50 சதவீதம்தான். சுவையான பகுதி இனித்தான்: என்ன செய்வீர்கள் என்று மாணவர்களிடம் எழுத்தில் கேட்டபோது, பெரிய காருக்கே முதலில் அடிப்போம் என்று ஆண்கள் வீரம் பேசியிருந்தார்கள்.

இந்த முடிவை மாத்தளைக்கு நீட்டிப் பார்க்கலாம். மாசி மகத்தன்று முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் வீதிக்கு வருகின்றன. அவற்றின் வேகம் மலையேறும் எந்த லொறியின் வேகத்தையும் விடக் குறைவு. ஹோர்ன் அடிப்பவர் எவரும் இல்லை; இறங்கி நின்று கும்பிடுகிறார்கள். சீகிரிய வீதியில் காட்டு யானை நின்றால் என்ஜினைக்கூட மெதுவாகவே உறுமவிடுகிறார்கள். லீக்ஸ் மூட்டை ஏற்றிய லொறி மட்டும் அதே வேகத்துக்கு ஏச்சு வாங்குகிறது. ஆக, மெதுவாகப் போவது எரிச்சலுக்குக் காரணம் அல்ல என்பது முதல் முடிபு.

இரண்டாவது சான்று ஜப்பானிலிருந்து வருகிறது. 230 மீற்றர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரும் ஒரே சீராக ஓட்டுங்கள் என்றார்கள். லொறி இல்லை, சந்தி இல்லை, பள்ளம் இல்லை. சற்று நேரத்தில் தானாகவே நெரிசல் உண்டாகி, அலை போலப் பின்னோக்கி நகர்ந்தது. 2008இல் வெளியான அந்த ஆய்வு, ஏ9 வீதியின் லொறிச் சாரதிகளுக்கு முன்கூட்டியே கிடைத்த விடுதலைத் தீர்ப்பு.

சமிக்ஞை இலக்கணம்

லொறிதான் எரிச்சலின் ஊற்று என்போர், வீதியில் இங்கிதத்தின் மொத்த வியாபாரியும் அதே லொறிதான் என்பதைக் கவனிப்பதில்லை. உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வளைவுக்கு அப்பால் வருவது முதலில் தெரிகிறது. தெரிந்ததை அவர் பின்னால் இருப்பவருக்கு அறிவிக்கிறார். இடப்பக்கச் சிக்னல் மினுங்கினால், வழி வெளி, போகலாம். வலப்பக்கம் மினுங்கினால், எதிரே வண்டி வருகிறது, பொறு. தாண்டிப் போனவர் ஹோர்னைச் சின்னதாக ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார். அது நன்றி. நீளமாக அழுத்தினால் அது நன்றி இல்லை.

இந்த இலக்கணத்தில் புணர்ச்சி விதிகள் சற்றுச் சிக்கலானவை. லொறி உண்மையிலேயே வலப்பக்கம் திரும்பப் போனாலும் அதே வலப்பக்கச் சிக்னல்தான். இடப்பக்கம் ஒதுங்கி நிறுத்தப் போனாலும் அதே இடப்பக்கச் சிக்னல்தான். முன்விளக்கை மினுக்குவது இன்னும் மோசம். எதிரே இருப்பவருக்குத் தன் இருப்பைத் தெரிவிக்க மட்டுமே மினுக்க வேண்டும் என்கிறது பிரித்தானிய வீதிக் கையேடு. இங்கே அதற்கு ‘நான் வருகிறேன், நீ நில்’ என்றும் பொருள், ‘நீ வா, நான் நிற்கிறேன்’ என்றும் பொருள், ‘அந்த வளைவில் பொலிஸ் நிற்கிறது’ என்றும் பொருள். எது என்பதை இடம் நோக்கி உணர்ந்துகொள்ள வேண்டும். உணர்வதற்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டு விநாடி.

இடைவெளிக் கோட்பாடு

அப்படியானால் எரிச்சல் எங்கே பிறக்கிறது? லொறிக்கும் அதன் பின்னால் போகும் வண்டிக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தில் என்பதே இவ்வாய்வின் மையக் கருத்து.

முன்னால் போகும் வண்டியிலிருந்து இரண்டு விநாடி தள்ளி வர வேண்டும் என்பது உலகெங்கும் சாரதிப் பயிற்சியில் சொல்லித் தரும் கணக்கு. 50 கிலோமீற்றர் வேகத்தில் அது ஏறத்தாழ 28 மீற்றர். ஒழுக்கமான சாரதி அந்த 28 மீற்றரை விட்டு வருகிறார். பின்னால் வருபவர் கண்ணுக்கு அது பாதுகாப்பு இடைவெளியாகத் தெரிவதில்லை, காலிக் காணியாகத் தெரிகிறது. ஒரு வான் முந்தி வந்து செருகுகிறது. ஒழுக்கமானவர் பிரேக்கைத் தொட்டுப் புதிதாக 28 மீற்றர் விடுகிறார். அதில் ஒரு பஸ் குடியேறுகிறது. இப்படியே போனால் சட்டத்தை மதிப்பவர் மாத்தளையிலிருந்து புறப்பட்டுப் பின்னோக்கிப் பயணித்துக் கண்டியை அடைந்துவிடுவார் என்று தோன்றும். ஆகவே நாவுல வருவதற்குள் அவரும் லொறியின் பின்பலகையோடு ஒட்டிக்கொள்கிறார். ‘புதுசரணை’ என்றும் ‘முருகன் துணை’ என்றும் எழுதிய எழுத்துகளின் வண்ணப்பூச்சு உரிந்திருப்பது தெரியும் நெருக்கம். அங்கிருந்து அவருக்கு லொறியின் பக்கக் கண்ணாடி தெரியாது. கண்ணாடி தெரியாவிட்டால் லொறிச் சாரதிக்கும் அவர் தெரியமாட்டார். உதவி செய்யக்கூடிய ஒரே மனிதரின் பார்வையிலிருந்து அவர் தாமாகவே மறைந்துவிட்டார்.

முந்துவதில் என்ன லாபம் என்பதையும் கணக்கிட வேண்டும். ஏற்றத்தில் 30 கிலோமீற்றர் வேகத்தில் ஊரும் லொறியை 50 கிலோமீற்றர் வேகத்தில் தாண்ட, முன்னும் பின்னும் விட வேண்டிய இடத்தையும் சேர்த்துச் சுமார் 50 மீற்றர் கூடுதலாகப் போக வேண்டும். அதற்கு 9 விநாடி பிடிக்கும். அதற்குள் முந்துபவர் 125 மீற்றர் போயிருப்பார். எதிரே 50 கிலோமீற்றர் வேகத்தில் வருபவரும் 125 மீற்றர் வந்திருப்பார். ஆக 250 மீற்றர் வெறும் வீதி கண்ணுக்குத் தெரிய வேண்டும். பலகடுவ வளைவுகள் அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. லாபமோ, மூன்று கிலோமீற்றருக்கு 2 நிமிடம் 24 விநாடி. அந்த நேரம் அடுத்த தேநீர்க் கடையில் சீனி கலக்கச் செலவாகிறது. அதற்குள் அதே லொறி கடையைத் தாண்டிப் போய்விடுகிறது.

எதிர்ச்சான்று

இம்மக்களுக்கு வரிசை தெரியாது என்று முடிவு கட்டுவதற்கு முன் 2022ஆம் ஆண்டை நினைத்துக்கொள்ள வேண்டும். டீசலுக்காக லொறிகள் நாட்கணக்கில் வீதியோரம் நின்றன. இரவில் சாரதிகள் லொறிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தார்கள். அந்த வரிசையில் ஒருவர் இடையில் புகுந்தால் அவர் இறங்கி வந்து முகத்துக்கு முகம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ‘அண்ணே, நாங்க முந்தா நாளுல இருந்து நிக்கிறோம்’ என்று ஒருவர் சொன்னால் வேறு பேச்சுக்கு இடமில்லை. ஓடும் வீதியில் அந்த அண்ணன் கண்ணாடிக்குப் பின்னால் போய்விடுகிறார். எஞ்சுவது ஒரு வண்டி இலக்கம் மட்டும். இலக்கத்தைத் திட்டுவது யாருக்கும் கஷ்டம் இல்லை.

பரிந்துரைகள்

ஒன்று: வீதி குறுகும் இடத்தில் ஒன்றுக்கு ஒன்று என மாறி மாறி நுழைதல். ஜேர்மனியின் வீதிச் சட்டம் ஏழாம் பிரிவில் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வழித்தடம் முடியும் இடத்துக்குச் சற்று முன்புவரை வந்து, ஒருவர் விட்டு ஒருவராகக் கலக்க வேண்டும். தம்புள்ளையில் இதை அமுல்படுத்தச் சட்டம் வேண்டாம். மேலே சொன்ன கிளீனரின் கை போதும்.

இரண்டு: இடைவெளிக்குள் நுழைபவர் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி முகத்தைக் காட்ட வேண்டும். முகம் தெரிந்த பிறகும் ஹோர்ன் அடிப்பவர்களின் தொகை குறையும் என்று டீசல் வரிசை அனுபவம் சொல்கிறது.

மூன்று: லொறியின் இடப்பக்கச் சிக்னலைச் சாட்சியாக மட்டும் கொள்ள வேண்டும், உத்தரவாதமாகக் கொள்ளக் கூடாது. சாட்சி சொன்னவர் விபத்தில் பங்கு கேட்டு வரமாட்டார்.

ஆய்வின் குறைபாடு

முச்சக்கர வண்டி இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. இடைவெளி என்பது முன்னும் பின்னும் போகும் இரு வண்டிகளுக்கு நடுவே உள்ளது என்ற அடிப்படையில் கோட்பாடு அமைக்கப்பட்டது. 1.3 மீற்றர் அகலமே கொண்ட அந்த வண்டி, லொறிக்கும் மதகுச் சுவருக்கும் நடுவே பக்கவாட்டிலும் ஓர் இடைவெளி இருப்பதை நாள்தோறும் மெய்ப்பித்துவருகிறது. அதற்கு முந்துதல், செருகுதல், இணைதல் என்ற பாகுபாடு எதுவும் பொருந்தவில்லை. திணையும் கண்டுபிடிக்கப்படவில்லை. விளக்கம் கேட்க மாத்தளை பஸ் நிலையத்தருகே ஒரு சாரதி அணுகப்பட்டார். கேள்வி முடிவதற்குள் அவர் வலப்பக்கச் சிக்னலைப் போட்டுவிட்டு இடப்பக்கம் திரும்பிப் போனார்.