நாய்க்காகப் பிறந்த எழுத்து

கணினியைக் கண்டாலே மிரள்கிறவர்களுக்காக மைக்ரோசாப்ட் 1994-ல் 'பாப்' என்றொரு மென்பொருளைத் தயாரித்துக்கொண்டிருந்தது. திரையில் ஒரு வீடு, வீட்டில் ரோவர் என்றொரு நாய். அது பேசுவதெல்லாம் பலூனுக்குள் வரும், அதுவும் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்தில். லண்டன் பத்திரிகைக்காகச் செய்த எழுத்தில் நாய் பேசினால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்காதா? அங்கே எழுத்துரு வேலை பார்த்த வின்சென்ட் கனேருக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த 'வாட்ச்மென்', 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' காமிக்ஸ்களைப் புரட்டினார். மவுஸைப் பிடித்துத் திரையிலேயே கோணலும் மாணலுமாக வரைந்தார். அதுதான் காமிக் சான்ஸ்.

பாவம், அது நாய்க்கும் உதவவில்லை. பலூன்களையெல்லாம் டைம்ஸ் அளவுக்கே செய்து முடித்திருந்தார்கள். புது எழுத்து அதில் அடங்கவில்லை. 1995-ல் வெளியான பாப் வந்த சுவடு தெரியாமல் போனான். எழுத்து மட்டும் விண்டோஸ் 95-ஐத் தொற்றிக்கொண்டு உலகம் சுற்றப் புறப்பட்டது.

சுற்றி எங்கள் அடுக்ககத்துக்கும் வந்து சேர்ந்தது. சங்கச் செயலாளருக்கு வேறு எழுத்தே தெரியாது. அதில் தமிழ் கிடையாது என்பதால் அறிவிப்பெல்லாம் ஆங்கிலத்தில்தான். 'பராமரிப்புப் பணம் கட்டாதவர்களின் தண்ணீர் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று மிரட்டுவார். படித்தால், பிறந்தநாள் கேக் வெட்டக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். ஒருவரும் பயந்ததில்லை.

செயலாளரை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2010-ல் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லாந்து அணியை விட்டுப் போனபோது, அணியின் முதலாளி டான் கில்பர்ட் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிய கடிதம் இந்த எழுத்தில்தான் வந்தது. கோபத்தை விட்டுவிட்டு ஊரே எழுத்தைப் பார்த்துச் சிரித்தது. 2012 ஜூலை 4 அன்று செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஹிக்ஸ் துகளைக் கண்டறிந்ததைப் பற்றி விஞ்ஞானி ஃபேபியோலா ஜியனோட்டி விளக்கினார். 1964-லிருந்து காத்திருந்த சங்கதி! அவருடைய ஸ்லைடுகளும் காமிக் சான்ஸ். துகளைவிட எழுத்தைப் பற்றித்தான் பலர் பேசினார்கள். அமெரிக்காவில் ஒரு வடிவமைப்பாளர் தம்பதி இதைத் தடைசெய்யச் சொல்லி இயக்கமே நடத்தினார்கள்.

நான் எழுத்தின் கட்சி. உருண்ட முனை, சீரான தடிமன், குழந்தைகள் நோட்டில் எழுதுகிற மாதிரியே 'a'. மழலையர் பள்ளிச் சுவருக்கும் புத்தக லேபிளுக்கும் இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? வாசிப்புச் சிரமம் உள்ளவர்களுக்கு ஏற்ற எழுத்துகளில் ஒன்றாகப் பிரிட்டிஷ் டிஸ்லெக்ஸியா சங்கமே இதைச் சொல்கிறது. நாய்க்கு வைத்த வேலையை வக்கீலுக்குக் கொடுப்பது நாம். திட்டு மட்டும் எழுத்துக்கு.

யாரோ புகார் செய்திருக்க வேண்டும். போன வாரம் மோட்டார் பழுது என்ற அறிவிப்பு டைம்ஸ் நியூ ரோமனில், சுற்றிலும் கறுப்புக் கட்டம் போட்டு வந்தது. மூன்றாம் மாடிப் பாட்டி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டார்: "ஏம்ப்பா, எந்த வீட்டுல? எடுத்துட்டாங்களா, இன்னும் நேரமிருக்கா?"