பேட்டா வாங்கிப் போன பாதை

கூரையில் மடக்குக் கூடாரம், பின்கதவில் மண்வெட்டி, வெள்ளத்தில் முங்கினாலும் இன்ஜின் மூச்சுவிட ஒரு நீளக் குழாய். இத்தனையும் மாட்டிய வண்டியில் அக்கா மகன் என்னைக் கூட்டிப்போன இடம், கண்டலேறு–பூண்டி கால்வாய்க் கரை. அவன் காசு கொடுத்துத் தேடிய கஷ்டத்தை நான் ஒரு காலத்தில் பேட்டா வாங்கிக்கொண்டு அனுபவித்தவன்.

1983 ஏப்ரலில் தமிழக, ஆந்திர முதல்வர்களான எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சென்னைக்கு ஆண்டுக்கு 12 டி.எம்.சி. கிருஷ்ணா நீர். கண்டலேறு அணையிலிருந்து ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்ட் வரை 152 கிலோமீட்டர் வெட்ட வேண்டும். அதில் ஒரு கான்ட்ராக்டரிடம் நான் கணக்கெழுதினேன். வரதய்யபாளையம் போய்ச் சேர்வதற்குள் ராஜ்தூத் பைக்கின் பின்சீட்டில் இடுப்பு கழன்றுவிடும். மழை பெய்தாலோ, களிமண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரம் நின்றுவிடும். வேலிக்குச்சியை ஒடித்து நோண்ட வேண்டும். “பேட்டா பத்தாது, பென்ஷனே தரணும்” என்பார் மேஸ்திரி.

1996-இல் ஒருவழியாகத் தண்ணீர் தமிழக எல்லையைத் தொட்டது. ஆனால் மண்கரை சரிந்தது. வழியிலேயே போனது நிறைய. 2002-இல் சத்ய சாயி பாபா அறிவித்து, அவரது அறக்கட்டளை கால்வாயைச் செப்பனிட்டுக் கொடுத்தது. இரண்டு அரசுகள் போட்ட திட்டத்துக்கு ஒரு சாமியார் பூச்சுவேலை முடித்தார்! அன்று வரதய்யபாளையம் சித்தூர் மாவட்டம், 2022 முதல் திருப்பதி மாவட்டம். குழிகள் இடம் மாறவில்லை.

சத்தியவேடு தாண்டியதும் மருமகன் இறங்கினான். டயர்களில் காற்றை இறக்கினால்தான் மண்ணில் பிடிப்பு கிடைக்குமாம். முழங்காலிட்டு, அளவுமானியைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாக ‘உஸ்ஸ்’ என்று இறக்கினான். அப்போது கால்வாய் லஸ்கர் ஒருவர், ஷட்டர் சுற்றும் இரும்புக் கைப்பிடியை கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்தார். ஒரு காலை ஊன்றி நின்றார்.

“என்ன சார், நாலும் பஞ்சரா?”

“இல்ல அண்ணா, அட்வென்ச்சர்” என்றான் இவன். அவர் தலையாட்டிவிட்டு, எங்களுக்கு முன்னே அதே பாதையில் போனார், முழுக் காற்றோடு.

கரைப்பாதை கால்வாயைப் பராமரிக்கப் போட்டது. நம் வீரத்துக்காக அல்ல. ஈரக்கரையில் பதியும் டயர்த்தடத்தில் மழைநீர் தேங்கி, அங்கேதான் கரை அரிக்கத் தொடங்கும். போகிறவர்கள் அனுமதி கேட்டு, மண் காய்ந்த நாளில் போங்கள். சைக்கிள் வந்தால் வழிவிடுங்கள். அவர் வேலைக்குப் போகிறார்.