குழாய் பெருத்தாக் குதிரை பெருக்குமா?

வா கண்ணு, உக்காரு. புல்லட்டுக்கு ரண்டு இஞ்சுப் பெண்டு பைப்பு மாட்டப் போறயாம்ல, உங்கம்மா சொன்னா. நல்ல காரியம். ஊருக்குள்ள இன்னும் நாலு பேரு நிம்மதியாத் தூங்கிட்டிருக்காங்க. அவிங்களையும் எழுப்பி உட்டாத்தான நமக்கு மதிப்பு? நானு வேண்டான்னு சொல்ல மாட்டேன். ஆயில் எஞ்சினுக்கும் லேத்துக்கும் நடுவுல காலத்த ஓட்டுன காட்டான், எனக்கென்ன தெரியும்? ஒரே ஒரு சந்தேகந்தான். உன்ற வண்டிக்குள்ள காத்து போற வழி எத்தன மில்லி?

தெரியாதா? பரவால்ல, பைப்பு வாங்கறவனுக்கு அதெல்லாம் எதுக்கு. அந்தப் பழைய 350-ல மிக்கார்ப் காபரேட்டர், வாயி 24 மில்லி. உள்ள போறது 24 மில்லி வழியா. வெளிய வர்றதுக்கு 50 மில்லி வேணுங்கற. எரிஞ்சு சூடேறிப் பெருத்து வர்றதுக்குச் சித்தப் பெரிய வழி வேணுங்கறது ஞாயந்தான். ஆனா இவ்வளவு தாராளமா?

கணக்குப் போட்டே பாத்துருவம். போர் 70 மில்லி, ஸ்ட்ரோக் 90 மில்லி. அதான் உன்ற 346 சிசி. நிமிசத்துக்கு 5,000 சுத்து ஓடுனா பிஸ்டனோட சராசரி வேகம் நொடிக்கு 15 மீட்டர். பைப்போட உள்விட்டம் 35 மில்லின்னு வெய்யி, போர்ல சரியாப் பாதி. விட்டம் பாதின்னா பரப்பு காலு. அப்ப பிஸ்டன் 15-ல தள்ளற புகை பைப்புக்குள்ள 60 மீட்டர் வேகத்துல ஓடியாகோணும். இப்ப உன்ற ஆசைப்படி 50 போடு. விட்டம் ஒன்றரை மடங்கு கூட ஆகல, பரப்பு மட்டும் ரண்டு மடங்கு ஆயிப்போச்சு. புகையோட வேகம் 30-க்குள்ள படுத்துக்கும். அதுவும் 5,000 சுத்துல. நீ காலேஜுக்கு அறுபதுல போறப்ப சுமார் 3,000 சுத்துதான் ஓடும். அப்ப இந்த 30-ம் 18-க்குக் கீழ வந்துரும்.

வேகம் எதுக்குன்னு கேக்கறயா? கெணத்துத் தண்ணி அதேதான் வருதுன்னு வெய்யி, வாய்க்கால மட்டும் ரண்டு மடங்கு அகலமா வெட்டி உடு. தண்ணி நடந்து நடந்து கடைசி வயலுக்குப் போறதுக்குள்ள பொழுது உழுந்துரும். புகையும் அப்படித்தான். வேகமா ஓடற புகைக்கு ஒரு உந்தல் உண்டு. பிஸ்டன் மேல வந்து நின்னதுக்கப்பறமும் அது நிக்காது, முன்னால ஓடிட்டே இருக்கும். பின்னால மிச்சம் மீதி இருக்கறதையும் இழுத்துட்டுப் போவும். அந்த நேரம் பாத்து இன்லெட் வால்வும் சித்தத் தொறந்திருக்குமல்ல, புதுக் காத்தும் பெட்ரோலும் அந்த இழுப்புலயே உள்ள வரும். உன்ற அம்பது மில்லிக்குள்ள புகை சோம்பேறியாப் போகும். போறதுல பாதி மனசு மாறித் திரும்பியும் வரும். எரிஞ்ச புகையே திரும்ப உள்ள வந்தா ஐடிலிங் நொண்டும், ரேஸ் குடுத்தா முக்கும். நீ அத "ராயல் பீட்டு"ன்னு சொல்லிக்கலாம், யாரு தடுக்கறா.

"பேக் பிரஷர் கொறஞ்சுரும் அப்புச்சி, அதுனால சின்னதாவே போடலாம்"னு உன்ற சிநேகிதன் சொன்னானே. அவனும் பாதிதான் படிச்சிருக்கான். எந்த எஞ்சினுக்கும் எதுத்துத் தள்ளற பிரஷர் வேண்டா கண்ணு. அது பிஸ்டனுக்கு வெட்டி வேல. எஞ்சினுக்கு வேண்டியது வேகம். சின்னப் பைப்புல பிக்கப்பு நல்லாருக்குன்னா அது அடைப்போட புண்ணியமில்ல, ஓட்டத்தோட புண்ணியம்.

இதுல இன்னொரு கூத்தும் இருக்குது. வால்வு தொறந்ததும் "டப்"புனு ஒரு அழுத்த அலை கெளம்புது பாரு, அது புகை இல்ல, சத்தம். சூடான பைப்புக்குள்ள நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் வேகத்துல ஓடும். பைப்பு முடிஞ்சு சைலன்சர் விரியற எடத்துல அதே அலை உறிஞ்சற அலையாத் திரும்பி வரும். வால்வு மூடறதுக்கு முன்னால சரியான நேரத்துல வந்து சேந்தா, மிச்சப் புகைய உறிஞ்சி எடுக்கும். நேரந்தப்பி வந்தா எடஞ்சல். எந்தச் சுத்துக்கு அது நேரத்துக்கு வரோணுங்கறது பைப்போட நீளத்துல இருக்குது. சிங்கிள் சிலிண்டர்ல கை கொடுக்க அண்ணந்தம்பி சிலிண்டர் கெடையாது. ஒத்தப் பைப்புதான் அத்தன வேலையும் பாக்கோணும். நீளத்த அப்பிடியே உட்டுட்டு அகலத்த மட்டும் பெருசாக்குனா அந்த அலையும் தளந்துதான் வரும்.

எஞ்சின் தேத்தற புத்தகத்துல ஒரு பழைய கணக்கு இருக்குது. எக்சாஸ்ட் வால்வு எப்பத் தொறக்குது, எத்தன சுத்துக்குப் பலம் வேணுங்கறத வெச்சு மொதல்ல நீளம், அதுல இருந்து விட்டம். நம்ம 350-க்கு 5,500 சுத்துன்னு போட்டா 32 மில்லிக்குப் பக்கத்துல வருது. 7,000 சுத்துன்னு பேராசப்பட்டா 36. அதே 5,500-க்கு 500 சிசின்னாக்கூட 39-ஐத் தாண்டல. உன்ற வண்டி மொத்தமாத் தர்ற 18 குதிரையும் 5,600 சுத்துக்கிட்டவே தீந்து போவுது. ரேஸ்காரன் சுத்துலயே பொழைக்கறவன், அவன் பெருசு போடட்டும், அவனுக்குச் சின்னப் பைப்பு மூச்ச அடைக்கும். நீ பண்ணாரி தாண்டித் திம்பத்துல 27 கொண்டை ஊசியும் ஏறோணும், அதுவும் பின்னால அந்தப் பொண்ண உக்கார வெச்சுட்டு. யாருன்னு நானு கேக்கல. அங்க வேண்டியது 2,500 சுத்துல இழுவை. பாதி வளைவுல முக்கி நின்னுட்டு, பைப்பு அகலத்தப் பத்தியா அவகிட்டப் பேசுவ?

சரி, எப்பிடியும் வாங்கத்தான் போற. கடையில சொல்றது வெளிவிட்டம், எஞ்சினுக்குத் தெரியறது உள்விட்டம். ஒன்றரை இஞ்சுப் பைப்பு 16 கேஜ்ல வாங்குனா தகடு ரண்டு பக்கமும் 1.6 மில்லி தின்னது போவ, உள்ள 35-க்கு ஒரு மயிரெழை கம்மி. உனக்கு அதுவே நொம்பத் தாராளம். மொதல்ல ஹெட்டுல எக்சாஸ்ட் போர்ட்டோட வாய அளந்துக்கோ. பைப்பு அதவிடச் சித்தப் பெருசா இருந்தாக் குத்தமில்ல. திரும்பி வர்ற புகைய அந்தப் படி கொஞ்சம் தடுக்கும். சின்னதா இருந்து ஓட்டத்துக்கு எதுத்தாப்புல விளிம்பு நீட்டுனாத்தான் வம்பு. மூட்டுல வாசர் போட்டா, அது உள்ள துருத்தாமப் பாத்துக்கோ.

அப்பறம் வளைவு. மணல் அடச்சுச் சூடு பண்ணி நிதானமா வளச்சா வட்டம் நிக்கும். அவசரக்காரன் வெறுங்குழாய வளச்சா உள்பக்கம் சப்பிப் போவும். பாத்தாத் தெரியாது, குரோம் பூசுனா இன்னுந் தெரியாது. ஒன்னேகால் இஞ்சு பேரிங் குண்டு ஒண்ணு கொண்டு போயி, மேல போட்டுக் கீழ உழுதான்னு பாரு. உழுந்தா காசக் குடு. நடுவுல நின்னுதுன்னா கடைக்காரர்கிட்டயே குண்ட எடுத்துக் குடுக்கச் சொல்லீட்டு, திண்ணையில உக்காந்து டீ குடி.

மாட்டுனதுக்கப்பறம் ஆக்சிலேட்டர உட்டா பட்பட்டுனு வெடிச்சா, உன்ற சிநேகிதனுங்க கை தட்டுவானுங்க. மூட்டுல காத்து ஏறுது, இல்லாட்டிப் பெட்ரோலு பத்தலன்னு அர்த்தம். பிளக்கக் கழட்டிப் பாரு. வெள்ளவெளேர்னு இருந்தா மெயின் ஜெட்டு ஒரு நம்பர் ஏத்து. புது வண்டி வெச்சிருக்கற சிநேகிதன் அவனும் மாட்டறேன்னு நின்னா, ஆக்சிஜன் சென்சாரும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் எங்க இருக்குதுன்னு அவனக் கேளு, மொகத்தப் பாரு. சத்தம் மிஞ்சுனா போலீசு வேற. 2019-ல திருத்துன சட்டத்துல 190(2)-னு ஒண்ணு இருக்குது. 10,000 ரூவா வரைக்கும் கட்டலாம், லைசென்சும் மூணு மாசம் ஓய்வெடுக்கும். அந்த ரசீத மட்டும் கிழிக்காம வெய்யி, உங்கப்பன் பாத்துச் சந்தோசப்படோணுமல்ல.

வெர்னியர் அலமாரி மேல்தட்டுல இருக்குது, எடுத்துக்கோ. உங்க மாமன் வாங்கிட்டுப் போன 19 நம்பர் ஸ்பேனர் இன்னும் வந்து சேரல. அதனால சாயங்காலம் வெர்னியர் வர்ற வரைக்கும் வண்டிச் சாவி என்ற மடியிலயே இருக்கட்டும்; பஸ்ஸுல போயிட்டு வா.