வளைபந்து இயல்: மார்க்கர் விசை குறித்து ஒரு முன்னாய்வு

ஸ்னூக்கர், பில்லியர்ட்ஸ் ஆடும் பச்சைத் துணி மேசையில் வெள்ளைப் பந்தை வளைத்து அனுப்பும் கலை, ஸ்வர்வ், மாஸே என இருவகைப்படும். கியூ கோலின் பின்பக்கத்தைச் சற்றே தூக்கிப் பந்தின் ஓரத்தில் இறக்குவது முன்னது. உலக்கைபோல் நிமிர்த்திப் பிடித்துக் குத்துவது பின்னது. வழியில் குந்தியிருக்கும் பந்தைச் சுற்றிக்கொண்டு போவதே இரண்டுக்கும் பயன்.

குத்துப்பட்ட பந்து உடனே உருள்வதில்லை. சாய்ந்த அச்சில் சுழன்றபடி கொஞ்ச தூரம் வழுக்குகிறது. அதுவரை துணியின் உராய்வு அதை ஒரு பக்கமாக இழுக்கிறது. வலப்புறம் குத்தினால் வலமாக வளையும். உருளத் தொடங்கிவிட்டால் நேர்கோடுதான். வழுக்கும் அந்தப் பாதை ஒரு பரவளையம் என்று 1835-இல் நிறுவியவர் பிரான்சின் கொரியோலிஸ். ஆம், சூறாவளிப் பாடத்தில் வருபவரேதான். கியூவின் கோட்டை நீட்டினால் துணியில் எங்கே படுமோ, அந்தப் புள்ளியைப் பந்து நின்ற புள்ளியோடு இணைக்க வேண்டும். கடைசியில் பந்து அதற்கு இணையாகவே ஓடும் என்பது அவர் கண்ட முடிபு.

எல்லாம் சரி. அவர் சமன்பாட்டில் மார்க்கர், அதாவது கிளப்பில் ஸ்கோர் குறிக்கும் ஊழியர், எங்கே?

கியூ நிமிர நிமிர, ஸ்கோர் பலகையடியில் நின்றவர் மேசையை நோக்கி நகர்ந்து வருவது கண்கூடு. கியூ நுனி வழுக்கினால் துணி கிழியும். கிழிந்தால் கிளப் செயலாளர் கூப்பிடுவது அவரைத்தான். “சார்... புதுத் துணி சார்” என்று மெல்லச் சொல்வார். சொன்ன கணமே மணிக்கட்டு தளரும், சுழற்சி குன்றும், பரவளையம் நேர்கோடாய் நிமிரும், வெள்ளை போய் எதைத் தவிர்க்க வேண்டுமோ அதன்மேலேயே இடிக்கும். நாலு பாயிண்ட் ஃபவுல். 1882-இல் உதகை கிளப்பில் வகுத்த ஸ்னூக்கர் விதிகளிலும் இவ்விசை இடம்பெற்றதாகச் செய்தி இல்லை.

நம் கொள்கைக்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. கியூ நுனிக்குத் தோல் ஒட்டும் வழக்கத்தைப் பரப்பி, பந்தைச் சுழலவிட்டுப் பாரிஸை வியக்கவைத்த கேப்டன் மிங்கோ, அந்த வித்தையைச் சிறையில் பழகினார் என்பர். சிறையில் காவலர் உண்டு, மார்க்கர் இல்லை.

அற்றேல், சொந்த வீட்டில் மேசை போட்டவர்க்கு மார்க்கர் இலராதலின் ஆண்டுப் பந்து செவ்வனே வளைதல் வேண்டுமே எனின், வளையாது. துணிக்குக் காசு கொடுத்தவர் தாமே ஆகலின் என்க.